பாகு

போன தீபாவளிக்கு எங்க குன்றத்தூர் வீட்டில் அதிரசத்துக்கு வெல்லம் காய்ச்சிட்டு இருந்தோம். "தாத்தா, சிரப் ரெடியா?"ன்னு கேட்டா பேத்தி. பாகுங்கிற சொல்லே அவளுக்குப் புதுசு.

ஔவையார் நல்வழியில் பாலோடும் தேனோடும் பிள்ளையாருக்குப் படைச்சது இந்தப் பாகுதான். பழந்தமிழில் குழம்பு, பால், பாக்கு எல்லாத்துக்கும் பாகுன்னே பேர் உண்டு. சித்த வைத்தியத்தில் அது மருந்து. இருமலுக்கு ஆடாதோடை மணப்பாகு.

சிரப்பும் பழைய சொல்தான். குடிக்கிறதைக் குறிக்கிற அரபு வேரில் பிறந்தது, சர்பத்துக்கு உறவு. அதைக் குறை சொல்லலை. ஆனா கம்பிப் பதம், உருட்டுப் பதம்னு எங்கம்மா சொல்லித்தந்ததெல்லாம் பாகு என்ற சொல்லோடதான் ஒட்டியிருக்கு.

தண்ணியில் ஒரு சொட்டு விட்டு, பேத்தியை உருட்டிப் பார்க்கச் சொன்னேன். "பாகு வந்துடுச்சு தாத்தா"ன்னா.