அம்பின் கனம்: வில்லாளர் வரலாற்றிலிருந்து ஒரு பாடம்



கொடுங்கையூரில் வசிக்கும் ஒரு தந்தை நம்மிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார். வில்வித்தை பழகும் மகனுக்காக, விலை மலிவென்று எண்ணி ஒரு டஜன் கார்பன் அம்புகளை வாங்கிக் கொடுத்திருக்கிறார். வில்லோ 40 பவுண்டு இழுவிசை உடையது. அம்புகள் இறகைப் போல் இலேசாக இருக்கின்றன. நாணை விட்டவுடன் வில் அதிர்கிறது, ‘பட்’டென்று ஓசை எழுகிறது, கை வலிக்கிறது. பயிற்சியாளர் கனமான அம்பு வேண்டும் என்கிறார். புதிதாக வாங்க இப்போது வசதி இல்லை. கையில் இருக்கும் அம்புகளையே கனப்படுத்த வழி உண்டா என்பதே அவருடைய கேள்வி.

இதற்கு ஒரே வரியில் விடை சொல்லிவிடலாம். ஆனால் இந்தக் கேள்வி ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக முஸ்லிம் வில்லாளர்கள் கேட்டு வந்த கேள்வி. எனவே வரலாற்றின் வழியாகவே விடைக்கு வருவோம்.

அம்பு செய்யும் தொழில் மக்காவில் வழக்கில் இருந்தது. ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள் இளமையில் அம்பு சீவுபவராக இருந்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். இஸ்லாத்தில் முதல் அம்பை எய்தவரும் அவர்களே. பின்னர் உஹுதுக் களத்தில் (ஹிஜ்ரி 3, கி.பி. 625) நபி (ஸல்) அவர்கள் தம் கையாலேயே அவர்களுக்கு அம்புகளை எடுத்துக் கொடுத்தார்கள். தாம் சீவும் தண்டின் எடையைக் கையாலேயே அறிந்தவர் ஒருவர், களத்தில் சிறந்த வில்லாளராகவும் திகழ்ந்ததில் வியப்பென்ன?

இன்னொருவர் அபூராஃபிஉ (ரலி). அப்பாஸ் (ரலி) அவர்களிடம் அடிமையாக இருந்தவர். உடல் வலிமை குன்றியவர். ஸம்ஸம் கிணற்றை ஒட்டிய கூடாரத்தில் அமர்ந்து அம்புத்தண்டுகளைச் செதுக்குவதே அவருடைய அன்றாட வேலை. பத்ருப் போரில் குறைஷியர் தோற்ற செய்தி மக்காவை வந்தடைந்தபோதும் அவர் அதே இடத்தில் தண்டு செதுக்கிக் கொண்டுதான் இருந்தார். செய்தியைக் கேட்டு மகிழ்ச்சியை அடக்க இயலாமல் அவர் பேசிவிட, அபூலஹப் அவரைத் தரையில் தள்ளி அடித்தான். அதைக் கண்ட உம்முல் ஃபழ்ல் (ரலி) கூடாரத்தின் கழியைப் பிடுங்கி அபூலஹபின் மண்டையில் அடித்தார்கள். இப்னு ஹிஷாமின் சீராவில் இந்த நிகழ்ச்சி விரிவாகவே வருகிறது.

இறகும் முனையும் பொருத்தப்படாத வெறும் தண்டை அரபியர் ‘கித்ஹ்’ என்றனர். முனை வைத்து, இறகு ஒட்டி முடித்த பின்பே அது ‘ஸஹ்ம்’ ஆகும். அரபியரின் அம்புக்கு ‘நப்ல்’ என்றும், பாரசீகரின் அம்புக்கு ‘நுஷ்ஷாப்’ என்றும் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. ஒரு பொருளின் ஒவ்வொரு நிலைக்கும் தனிப்பெயர் வைத்திருந்த சமுதாயம், அந்தப் பொருளை எவ்வளவு உற்று நோக்கியிருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். ஓர் அம்பின் பொருட்டு அதை எய்தவர் மட்டுமல்லாமல், நன்மையை நாடி அதைச் செய்தவரும் அதை எடுத்துக் கொடுத்தவரும் நற்கூலி பெறுவர் என்ற கருத்துடைய நபிமொழி, உக்பா பின் ஆமிர் (ரலி) வழியாக அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இடம்பெற்றுள்ளது. அம்பு செய்பவரின் கையிலும் எவ்வளவோ இருக்கிறது என்பதை அன்றைய மக்கள் அறிந்திருந்தனர்.

இனி எடைக்கு வருவோம்.

கி.பி. 1191 செப்டம்பர் 7. பாலஸ்தீனக் கடற்கரையில் அர்ஸூஃப் என்னும் இடம். சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியின் குதிரைப்படை வில்லாளர்கள், ஆங்கிலேய மன்னன் ரிச்சர்டின் படையைப் பல நாட்களாகத் தொடர்ந்து சென்று அம்பு மாரி பொழிந்தனர். சுல்தானுடன் இருந்து அனைத்தையும் கண்ணால் கண்டவர் காழீ பஹாவுத்தீன் இப்னு ஷத்தாத். அவர் ஒளிவுமறைவின்றி எழுதிவைத்த ஒரு காட்சி நம் சிந்தனைக்குரியது. சிலுவைப்படையின் காலாட்கள் தடித்த கம்பளி உடையும் அதற்கு மேல் இரும்பு வளையக் கவசமும் அணிந்திருந்தனர். அவர்களுடைய முதுகில் ஒன்று முதல் பத்து வரை அம்புகள் தைத்து நின்றன. ஆயினும் அவர்கள் அணி குலையாமல் நடந்து கொண்டேயிருந்தனர். அதே வேளையில், அவர்கள் விசைவில்லிலிருந்து எய்த கணைகளோ முஸ்லிம்களின் குதிரைகளையும் வீரர்களையும் வீழ்த்தின.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இங்கே ஓரளவு அம்பையும் நோகத்தான் வேண்டும். ஓடும் குதிரையிலிருந்து தொலைவை நோக்கி எய்யும் அம்பு இலேசாக இருந்தால்தான் வெகுதூரம் போகும். ஆனால் போய்ச் சேரும்போது அதில் வலு இருக்காது. காற்று அதன் வேகத்தைத் தின்றுவிடும். கனத்த கணை மெதுவாகப் புறப்பட்டாலும் தன் வலுவை இழக்காமல் சென்று தைக்கும்.

மங்கோலியர் இதை நன்கு அறிந்திருந்தனர். தொலைவுக்கு இலேசான அம்பு, அருகில் எய்ய அகன்ற முனையுடைய கனத்த அம்பு என இரண்டு வகைகளையும் அவர்கள் சுமந்து சென்றதாக மார்க்கோ போலோ எழுதியுள்ளார். அந்த மங்கோலியப் படையையே 1260 செப்டம்பர் 3 அன்று ஐன் ஜாலூத்தில் மம்லூக்குகள் முறியடித்தனர். இந்த வெற்றிக்குக் காரணம் என்ன? ஜான் மேசன் ஸ்மித் என்ற ஆய்வாளர் 1984-இல் எழுதிய கட்டுரையில் ஒரு கருத்தை முன்வைத்தார். மங்கோலிய வீரன் தன் அம்பைத் தானே வீட்டில் செய்துகொண்டான், அது இலேசானது. மம்லூக் வீரனோ தேர்ந்த தொழிலாளர் பட்டறையில் செய்த வலுவான கருவிகளையும் இடைவிடாத பயிற்சியையும் பெற்றிருந்தான் என்பது அவருடைய வாதம். ரூவன் அமிதாய் போன்றோர் இதை முழுமையாக ஏற்கவில்லை. ஒரு போரின் முடிவை அம்பின் எடை ஒன்றே தீர்மானித்துவிடாது என்பதே நம் கருத்தும். ஆனாலும் அம்பின் எடை வரலாற்றாய்வாளர்கள் வாதிடும் அளவுக்குப் பெரிய செய்தி என்பது இதனால் தெளிவாகிறது.

மம்லூக்குகளின் காலத்தில் வில்வித்தை ஓர் எழுத்துக் கலையாகவும் வளர்ந்தது. கி.பி. 1368-ஐ ஒட்டி தைபுகா அல்-அஷ்ரஃபீ எழுதிய நூல் அவற்றுள் புகழ்பெற்றது. 1970-இல் லேதமும் பேட்டர்சனும் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டனர். மொராக்கோவில் 1500-ஐ ஒட்டி பெயர் தெரியாத ஒருவர் எழுதிய மற்றொரு நூலை நபீஹ் அமீன் ஃபாரிஸும் ராபர்ட் எல்மரும் 1945-இல் மொழிபெயர்த்தனர். இத்தகைய நூல்களில் வில்லின் வலிமை ‘ரத்ல்’ கணக்கிலும் அம்பின் எடை ‘திர்ஹம்’ கணக்கிலும் பேசப்படுகின்றன. ஒரு திர்ஹம் ஏறத்தாழ 3 கிராம். வில்லுக்கு ஏற்ற அம்பு என்பதே அவர்களுடைய அடிப்படை.

இதற்கு நேர்மாறான கலையும் முஸ்லிம்களிடம் இருந்தது. இஸ்தான்புல்லைக் கைப்பற்றிய பின் சுல்தான் முஹம்மத் ஃபாத்திஹ் அங்கே ஒதுக்கிய ‘ஓக்மைதான்’ என்னும் அம்புத்திடலில், உதுமானிய வில்லாளர்கள் தொலைவுப் போட்டி நடத்தினர். அதற்கென்றே மிக இலேசான அம்புகளைச் செய்தனர். தோஸ்கொபரான் இஸ்கந்தர் என்பவர் எய்த அம்பு 800 மீட்டருக்கும் அப்பால் விழுந்ததாகப் பதிவு உள்ளது. துருக்கியின் இந்த மரபு வில்வித்தையை 2019-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. ஆகவே இலேசான அம்பு தவறானதன்று. அது தேர்ந்தவர் கையில், அதற்கென அமைந்த வில்லில் ஏற வேண்டிய அம்பு.

நம் நாட்டு அம்பு எப்படி இருந்தது? முகலாயர் கால அம்புகளில் பெரும்பாலானவை நாணல் தண்டுகள். நாணல் நேரானது, மலிவானது, ஆனால் எடையற்றது. எனவே எஃகு முனைக்கு நீண்ட வால் வைத்து, அதை நாணலின் உள்ளே ஆழமாகச் செருகினர். சில அம்புகளில் முன்பகுதிக்கு மட்டும் கடினமான மரத்துண்டை இணைத்தனர். கவனியுங்கள்: வெற்றிடமான தண்டுக்குள் கனமான பொருளைச் செருகி எடை கூட்டும் இந்த உத்தியைத்தான் இன்று கார்பன் அம்புக்கும் செய்யப் போகிறோம்.

இன்றைய கணக்கு இது. மரபுவகை வில்லுக்கு, ஒரு பவுண்டு இழுவிசைக்கு 8 முதல் 10 கிரெயின் எடை அம்பில் இருப்பது நல்லது என்பது வில்லாளரிடையே நிலவும் வழக்கம். ஒரு கிராம் என்பது சுமார் 15.4 கிரெயின். 40 பவுண்டு வில்லுக்கு 320 முதல் 400 கிரெயின், அதாவது 21 முதல் 26 கிராம் வரை வேண்டும். மலிவான அம்பு 17 கிராம் மட்டுமே இருந்தால், வில்லில் தேங்கிய விசையை முழுமையாக ஏற்றுக்கொள்ள அதனால் இயலாது. மிச்ச விசை வில்லின் கிளைகளுக்கே திரும்பும். அதுவே அந்த அதிர்வும் ஓசையும். அம்பே இல்லாமல் நாணை இழுத்து விடுவதை இது ஓரளவு ஒத்தது. நாளடைவில் வில் பழுதடையவும் கூடும். வில் வாங்கிய பணத்தோடு ஒப்பிட்டால் அம்பின் விலை சிறிது.

முதலில் அம்பை நிறுத்துப் பாருங்கள். தெரிந்த நகைக்கடையில் கேட்டால் நிறுத்துத் தருவார்கள். அதுவும் இல்லையென்றால், அளவுகோலின் நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டு, ஒருபுறம் அம்பையும் மறுபுறம் நாணயங்களையும் கட்டி நிறுக்கலாம். 2011-இல் வெளிவந்த புதிய வடிவ ஒரு ரூபாய் நாணயத்தின் எடை 3.79 கிராம். பழைய நாணயங்களின் எடை வேறு என்பதால் கலந்து வைக்க வேண்டாம்.

எளிதான வழி, முனையை மாற்றுவது. திருகி மாட்டும் முனையாக இருந்தால் கனமான முனையைத் தனியாக வாங்கலாம், அம்பை வாங்குவதைவிடச் செலவு குறைவு. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. முனை கனத்தால், நாண் தள்ளும் வேகத்தில் தண்டு அதிகமாக வளையும். வலக்கையால் எய்பவருக்கு அம்பு வலப்புறம் விலகிப் போகத் தொடங்கும். அதனால் முனையில் சிறிதளவே கூட்டி, மிச்சத்தைத் தண்டு முழுவதும் பரவலாகச் சேர்ப்பதே மேல்.

பரவலாகச் சேர்க்க, வடசென்னையில் கைக்கெட்டும் பொருளே போதும். காசிமேடு, இராயபுரம் பக்கத்தில் மீன்பிடிச் சாமான் கடைகளில் கிடைக்கும் தடித்த தங்கூஸ் நரம்பைக் கேளுங்கள். 2 மி.மீ. தடிமனுள்ள நைலான் நரம்பு, 70 செ.மீ. நீளத்திற்குச் சுமார் இரண்டரை கிராம் இருக்கும். பின்புறக் கவ்வியை மெல்லக் கழற்றி, இரண்டு நரம்புகளைத் தண்டின் உள்ளே செலுத்தினால் 5 கிராம் கூடும். 17 கிராம் அம்பு 22 ஆகிவிடும். நரம்பு உள்ளே ஆடக் கூடாது. ஆடினால், இலக்கில் தைக்கும் கணத்தில் அது முன்னே பாய்ந்து முட்டும், நாணை விடும்போது பின்னே வந்து கவ்வியைத் தள்ளும். எனவே முனைக்கும் கவ்விக்கும் இடையே சற்று இறுக்கமாக நிற்கும் அளவுக்கு வெட்டுங்கள்.

மின்பணியாளர் வீசிவிட்டுப் போன செம்புக் கம்பியும் உதவும். மேலுறை நீக்கிய 1.5 சதுர மி.மீ. கம்பி, 30 செ.மீ. நீளத்திற்கு 4 கிராம் எடை இருக்கும். ஆனால் துண்டுக்கம்பி ஒரே இடத்தில் குவிந்து சமநிலையைக் கெடுக்கும். நரம்பே நல்லது என்பது நம் கருத்து. மணலையோ உப்பையோ கொட்டி நிரப்புவது வேண்டவே வேண்டாம். அது ஒவ்வொரு எய்தலிலும் இடம் மாறும். மர அம்பாக இருந்தால் ஆளிவிதை எண்ணெயைப் பல முறை பூசிக் காயவிடுவது சிறிது எடை தரும், ஈரத்தையும் தடுக்கும். முனையில் துளையிட்டு ஆணி அடிப்பவர்களும் உண்டு. கை பழகாதவர் அடித்தால் மரம் பிளந்துவிடும்.

இவற்றுள் எதைச் செய்தாலும் டஜன் முழுவதும் ஒரே எடையாக இருக்க வேண்டும். அரை கிராம் வித்தியாசம்கூட இருபது மீட்டரில் தெரியும். கார்பன் தண்டை எய்வதற்கு முன் ஒவ்வொரு முறையும் இரு முனைகளையும் பிடித்து இலேசாக வளைத்து, காதருகில் வைத்துக் கேளுங்கள். முறுமுறுவென்ற ஓசை வந்தால் அது விரிசல். அந்த அம்பை உடைத்து எறிந்துவிடுங்கள். வெடித்த கார்பன் இழை கையில் ஏறினால் எடுப்பது கடினம்.

சென்னையில் வில்வித்தையைப் பரப்பியவர்களுள் ஒருவர் 2025 மார்ச்சில் மறைந்த கராத்தே பயிற்சியாளர் ஷிஹான் ஹுசைனி. இன்று நகரில் பயிற்சி நிலையங்கள் பல உள்ளன. கனப்படுத்திய அம்பை முதன்முதலில் எய்வது அத்தகைய திடலில், பயிற்சியாளர் முன்னிலையில்தான் நடக்க வேண்டும். மொட்டை மாடியிலோ, நெருக்கடியான தெருவிலோ அன்று. பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ அம்புடன் செல்பவர், பிறர் மீது கீறிவிடாதபடி அதன் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் காணலாம். பேருந்தில் அம்புகளை எடுத்துச் செல்லும் பிள்ளைக்கு மூடியுள்ள உறை ஒன்றைத் தைத்துக் கொடுங்கள். பழைய ஜீன்ஸ் துணி போதும்.

திடலில் முதலில் பத்து மீட்டரில் மூன்று அம்புகளை எய்யச் சொல்லுங்கள். முன்பைவிடச் சற்றுத் தாழ்ந்து தைக்கும், அது எடையின் இயல்பு. குறியைச் சற்று உயர்த்தினால் சரியாகும். வலப்புறம் விலகினால் முனையின் எடையைக் குறையுங்கள். வில்லின் ஓசை அடங்கி, கையின் அதிர்வும் நின்றிருந்தால் எடை பொருந்திவிட்டது என்று கொள்ளலாம். அதன் பின் மற்ற ஒன்பது அம்புகளையும் அதே அளவில் செய்து முடியுங்கள்.