தையல் மிஷின் காசில் பிறந்த இசை

கறுப்பு உடம்பில் பொன்னெழுத்து மின்ன, நம்மூர்த் தையற்கடைகளில் கடகடத்த சிங்கர் மிஷினை மறந்திருக்க மாட்டீர்கள். அதன் முதலாளி ஐசக் சிங்கரின் மகள் வினரெட்டா, பிரெஞ்சுப் பிரபு ஒருவரை மணந்து போலிஞாக் இளவரசியானார். அப்பா விட்டுப்போன சொத்திலிருந்து இசையமைப்பாளர்களுக்கு வாரிக் கொடுத்தார். பாரிஸ் வீட்டுக் கூடத்தில் அவருக்குச் சொந்தமாக ஒரு குழாய் ஆர்கனே இருந்தது.

1934இல் அதற்கென ஒரு கான்செர்டோ (இசைக்குழுவோடு ஒரு தனி வாத்தியம் முன்னின்று ஒலிக்கும் படைப்பு) வேண்டும் என்று ழான் பிரான்சேயைக் கேட்டார். அவர் மறுத்துவிட, வேலை பிரான்சிஸ் பூலாங்கிடம் வந்தது. சின்னக் குழு போதும், இளவரசியே வாசிக்கும்படி ஆர்கன் பகுதி எளிதாக இருக்கவேண்டும், இவ்வளவுதான் ஏற்பாடு.

பூலாங்க் அதுவரை பாரிஸின் குறும்புக்காரர் என்றே பெயர் எடுத்தவர். ஆர்கனுக்கு எழுதிப் பழக்கமும் இல்லை. வேலை இழுத்தடித்தது. 1936 ஆகஸ்டில் ஹங்கேரியில் நடந்த கார் விபத்தில் அவருடைய நண்பரும் இசையமைப்பாளருமான ஃபெரூ இறந்தார். அந்த அதிர்ச்சியில் பூலாங்க், மலைப்பாறையை ஒட்டிய ரொக்கமடூர் கோயிலின் கறுப்பு மாதாவிடம் போனார். எப்போதோ விட்டுப்போயிருந்த பக்தி திரும்பியது. 1938இல் எழுதி முடித்தபோது, அது இளவரசியின் விரலுக்கும் சின்னக் குழுவுக்கும் அடங்காததாக வளர்ந்திருந்தது.

ஆர்கனோடு தந்தி வாத்தியங்களும் டிம்பனி முரசும் மட்டுமே. புல்லாங்குழலும் இல்லை, எக்காளமும் இல்லை. கெட்டிக்காரத்தனம் இங்கேதான். ஊதும் வாத்தியங்களின் குரல்களெல்லாம் ஆர்கன் குழாய்களிலேயே இருக்கின்றன. அதனிடம் இல்லாதவை இரண்டு: முரசின் அடி, வில் அழுத்தத்தால் ஒரே சுரம் பெருகிக் குறையும் நெகிழ்வு. கட்டையை எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் ஆர்கனில் ஒலி கூடாது. இல்லாததை மட்டும் பக்கத்தில் உட்காரவைத்தார். தொடக்கத்தில் ஆர்கன் இடியாக இறங்குகிறது. பாக்கின் ஜி மைனர் ஃபேன்டசியாவைக் கேட்டவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். பிறகு நிற்காமல் சுமார் 25 நிமிடம்: நடுவில் சர்க்கஸ் கூடாரம்போல ஒரு துள்ளல் (பழைய பூலாங்க் எட்டிப்பார்க்கிறார்), கடைசியில் தனி வயோலா, தனி செல்லோ.

எந்தக் குழாய் வரிசையை எங்கே திறப்பது என்று சொல்லிக்கொடுத்தவர் மோரிஸ் துருஃப்ளே. 1938 டிசம்பர் 16 அன்று இளவரசி வீட்டில் வாசித்ததும் அவரே; நடத்தியவர் நாடியா பூலாஞ்சே. மறு ஜூனில் பாரிஸின் சால் காவோ அரங்கில் பொதுமக்கள் கேட்டார்கள். இளவரசி 1943இல் லண்டனில் இறந்தார். 1961இல் துருஃப்ளே, ஜார்ஜ் பிரெத்ர் நடத்த, இந்தக் கான்செர்டோவை இசைத்தட்டில் பதிந்தார். முதன்முதலாகக் கேட்பவர்கள் அந்தப் பதிவிலிருந்தே தொடங்கலாம்.

1963இல் பாரிஸின் சான் சுல்பீஸ் தேவாலயத்தில் பூலாங்கின் இறுதிச் சடங்கு. அங்கே இருப்பது பிரான்ஸின் மாபெரும் ஆர்கன்களில் ஒன்று. அவர் விருப்பப்படி அதில் அன்று பாக் மட்டுமே ஒலித்தார்.