வைகை அணை தெர்மாகோல் முயற்சி

வைகை அணை தெர்மாகோல் முயற்சி என்பது தேனி மாவட்டம் ஆண்டிபட்டி அருகே உள்ள வைகை அணையில் நீர் ஆவியாவதைக் குறைப்பதற்காக 2017 ஏப்ரல் 21 அன்று நடந்த சோதனை. அப்போது கூட்டுறவுத் துறை அமைச்சராக இருந்த செல்லூர் கே. ராஜு அதைத் தொடங்கிவைத்தார். ஒட்டுநாடாவால் இணைத்த தெர்மாகோல் அட்டைகளை நீரில் மிதக்கவிட்டனர். சிறிது நேரத்திலேயே காற்று அவற்றைக் கரைக்குத் தள்ளிவிட்டது. தமிழகத்தில் அறிவியல் சார்ந்த ஒரு பிழை இவ்வளவு பரவலாகப் பேசப்பட்டது அரிது. ஆனால் பேச்சு முழுவதும் கேலியாகவே போனதால், அதில் கற்பதற்கு இருந்தது பலர் கண்ணில் படவில்லை.

முயற்சிக்குக் காரணமான கவலை நியாயமானது. 2016 வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்திருந்தது. 1959இல் திறக்கப்பட்ட, 71 அடி கொள்மட்டமுள்ள வைகை அணையைத்தான் மதுரையின் குடிநீரும் பாசனமும் அப்போது பெருமளவு நம்பியிருந்தன. வைகை ஆற்றின் வடகரையில் உள்ள மதுரையின் செல்லூர்ப் பகுதித் தெருக்களில் கோடைத் தட்டுப்பாடு என்றால் காலிக் குடங்களின் வரிசை. நீர்மட்டம் ஆவியாகி ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் குறைந்தால், ஒரு ஹெக்டேர் பரப்பில் மட்டும் 50,000 லிட்டர் போய்விடும். நான்கைந்து லாரித் தண்ணீர். நீர்ப்பரப்பை மூடினால் இழப்பு குறையும் என்ற எண்ணமும் சரியானதே.

பிழை எடையில் இருந்தது. தெர்மாகோலில் ஏறத்தாழ 98 விழுக்காடு காற்று. 25 மில்லிமீட்டர் தடிமனுள்ள அட்டை நீருக்குள் அமிழ்வது அரை மில்லிமீட்டர் அளவே. மற்றதெல்லாம் மேலே நின்று காற்றை வாங்கும். நீருக்குள் பிடிமானம் இல்லாத, நங்கூரமும் இல்லாத பரப்பு காற்று போன போக்கில்தான் போகும். ஒட்டுநாடா அட்டைகளை ஒன்றோடொன்று சேர்த்ததே தவிர, அணையோடு சேர்க்கவில்லை. ஏதாவதொரு கண்மாயில், காற்றடிக்கும் ஒரு பிற்பகலில், பத்து அட்டைகளை மிதக்கவிட்டிருந்தால் இது தெரிந்திருக்கும். சோதனை தோற்றதைக் குறையாக எண்ணத் தேவையில்லை. தோற்றுப் பார்க்கத்தானே சோதனை! சிறிய அளவில் தோற்க வேண்டியதை அமைச்சர், அதிகாரிகள், கேமராக்கள் முன்னிலையில் அணையிலேயே தோற்றதுதான் உண்மையான தவறு.

காற்று செய்யும் வேலை முன்பே தெரிந்த ஒன்று. 1950களில் ஆஸ்திரேலியாவில் செட்டில் ஆல்கஹால் என்ற மெழுகு போன்ற பொருளை நீர்மேல் ஒற்றை மூலக்கூறு அளவுப் படலமாகப் பரப்பி ஆவியாதலைத் தடுக்க முயன்றார்கள். அமைதியான நீரில் பலன் கிடைத்தது. காற்றடித்தபோது படலம் கிழிந்து ஒரு கரையில் ஒதுங்கியது. அந்தக் குறைபாடு ஆய்விதழ்களில் பதிவாகியிருக்கிறது. செல்லூர்த் தறியில் பாவிழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி, அறுந்த இடத்தைத் தேடி முடிச்சிட்ட பிறகே ஓடத்தை விடுவார். 2017இல் அறுந்த இடத்தை யாரும் தேடவிடாமல் செய்துவிட்டது சிரிப்பு. இப்படிச் சிரிக்கப்பட்ட இடத்தில் அடுத்த அதிகாரி புதிதாக எதையும் முயலத் தயங்குவார். அந்த இழப்பு அட்டைகளுக்குச் செலவான பணத்தைவிடப் பெரிது.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 2015 ஆகஸ்டில் தன் நீர்த்தேக்கம் ஒன்றில் 9.6 கோடி கறுப்புப் பந்துகளை மிதக்கவிட்டு முடித்தது. உள்ளே கொஞ்சம் தண்ணீர் அடைத்திருந்ததால் அவை பறக்கவில்லை. வெயில் பட்டு நீரில் புரோமேட் என்ற நச்சு உருவாவதைத் தடுப்பதே முதல் நோக்கம். ஆவியாதல் குறைந்தது கூடுதல் பலன். எனினும், அப்பந்துகளைத் தயாரிக்கச் செலவான நீர், வறட்சிக் காலத்தில் அவை மிச்சப்படுத்தியதைவிட அதிகமாக இருக்கக்கூடும் என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. வெற்றியாகத் தெரிந்ததையும் மறுபடி கணக்குப் பார்க்கும் இந்தப் பழக்கம் நமக்கும் வேண்டும்.

எடையும் பிடிமானமும் மிதக்கும் சூரிய மின்தகடுகளில் கிடைத்துவிட்டன. தெலங்கானாவின் ராமகுண்டத்தில் 2022 ஜூலையில் முழு அளவில் இயங்கத் தொடங்கிய 100 மெகாவாட் மிதவை மின்நிலையம், நீர்த்தேக்கத்தின் அடியில் இறக்கிய கான்கிரீட் பாளங்களோடு கயிற்றால் பிணைக்கப்பட்டிருக்கிறது. மின்சாரமும் கிடைக்கிறது, நிழலால் ஆவியாதலும் குறைகிறது. ஆனால் வெயிலை மறைத்தால் நீருக்குள் பாசியும் அதை நம்பி வாழும் மீன்களும் பாதிக்கப்படலாம். வைகை அணையில் மீன்பிடித்தொழிலும் உண்டு. ஆகவே எவ்வளவு பரப்பை மூடலாம் என்பதை ஒவ்வொரு அணையிலும் முதலில் ஒரு மூலையில் மூடி, அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.