லாரிக்கு உண்டு, கூரைக்கு இல்லை

நாமக்கல்லில் ஒரு லாரி இன்சூரன்ஸ் இல்லாமல் ரோட்டுக்கு வரக்கூடாது. அந்த லாரி தீவனம் இறக்கும் கோழிப்பண்ணையில், ஷெட் மேலே ஏறி ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மாற்றுகிற ஆளுக்கு அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. ஏன் என்று பழைய சட்டங்களைப் புரட்டினேன்.

1923-ல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 1924 ஜூலை 1-ல் அமலானது. வேலையில் அடிபட்டால் வேலை கொடுத்தவர் பணம் தர வேண்டும். ஆள் இறந்துவிட்டால், 'பெல்ட் போடாதது அவன் தப்பு' என்று சொல்லி நழுவ முடியாது. நல்ல சட்டம்தான். ஆனால் அந்தப் பணத்துக்கு முன்கூட்டியே பாலிசி எடுத்து வை என்று அது சொல்லவில்லை.

1939 மோட்டார் வாகனச் சட்டம் அந்த ஓட்டையை வண்டிகளுக்கு மட்டும் அடைத்தது. அதன் இன்சூரன்ஸ் பகுதி 1946-ல் அமலுக்கு வந்தது. 1923 சட்டப்படி டிரைவருக்கு வர வேண்டிய இழப்பீடும் கட்டாய பாலிசிக்குள் வந்துவிட்டது. கூரை வேலைக்கு அப்படி யாரும் எழுதவில்லை.

சிமெண்ட் ஷீட் வளையாது, சொல்லாமல் உடையும். போல்ட் வரிசைக்கு அடியில்தான் பர்லின் இருக்கும், அங்கேதான் கால் வைக்கணும். பாசி பிடித்த பழைய ஷீட்டில் அந்த வரிசையே தெரியாது. அதனால் புது ஷெட் போடுவதைவிடப் பழசைப் பிரிப்பதுதான் பயம்.

விழுந்தால் பொறுப்பு யாருக்கு? தன் தொழிலின் வழக்கமான பகுதியாக உள்ள வேலையைக் கான்ட்ராக்ட் விட்டால்தான் பண்ணைக்காரரைப் பிடிக்க முடியும் என்றது 1923 சட்டத்தின் 12-ஆம் பிரிவு. கூரை மாற்றுவது கோழி வளர்ப்பா? இல்லை என்றுதான் அவர் வக்கீல் வாதாடுவார். சுமை மேஸ்திரி தலையில்.

எவ்வளவு சுமை? கணக்குக்கு எடுக்கும் மாதச் சம்பள உச்சவரம்பு 2020 ஜனவரி முதல் 15,000 ரூபாய். அதில் பாதி 7,500. 30 வயதுக்கான காரணி 207.98. பெருக்கினால் 15,59,850 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி, அதற்கு மேல் அபராதமும் வரலாம். நாலு ஆளும் ஒரு டிரில்லிங் மெஷினும் வைத்திருப்பவர் எங்கே போவார்? 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இதே கணக்கு முறையைத்தான் எடுத்துக்கொண்டது. 1994-ல் வந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் பதிவு செய்த குடும்பத்துக்கு உதவித்தொகை தரும். அதனால் மேஸ்திரியின் கடன் தீராது.

பாலிசி எடுத்தவருக்கும் ஒரு சிக்கல் உண்டு. வாகன வழக்கு ஒன்றில் வட்டியும் இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பே, அபராதம் மட்டும் இல்லை என்றது உச்ச நீதிமன்றம் (1997). 2006-ல் இன்னொரு வழக்கு. வாகனம் இல்லாத வேலை. 1923 சட்டத்தில் இன்சூரன்ஸ் கட்டாயமில்லை, ஆகவே வட்டி கிடையாது என்று பாலிசியில் எழுதியிருந்தால் அது செல்லும் என்றார்கள்! கட்டாயமில்லாததன் விலை இங்கேயும் மேஸ்திரிக்குத்தான்.

ஷீட் வேலை எடுக்கும் நண்பர்கள் கேட்டால் நான் சொல்வது இது: பிரீமியம் கூலி மொத்தத்தை வைத்துத்தான், அதைக் குறைத்துக் காட்டாதீர்கள். 'உயரத்தில் கூரை வேலை' என்று பாலிசியில் எழுத வையுங்கள். வட்டியும் ஆஸ்பத்திரிச் செலவும் சேர்த்தியா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.