எர்னஸ்ட் தெசிஜரும் படைவீரர் பூத்தையலும்

எர்னஸ்ட் தெசிஜர் (1879–1961) பிரிட்டனைச் சேர்ந்த நாடக, திரைப்பட நடிகர், பூத்தையல் கலைஞர். 1935-இல் வெளியான ‘பிரைடு ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தில் டாக்டர் பிரிட்டோரியஸ் என்ற கிறுக்கு விஞ்ஞானியாக நடித்தவர் என்றுதான் திரைப்பட ரசிகர்கள் அவரை அறிவார்கள். முதல் உலகப் போரில் உடல் சிதைந்து திரும்பிய வீரர்களுக்கு ஊசியும் நூலும் கொடுத்து, அதைக் கூலி வரும் தொழிலாக மாற்றிய முயற்சிக்குத் தூண்டுகோலாக இருந்தவரும் இவர்தான். நடிப்புக்குக் கிடைத்த புகழில் பாதிகூட இந்தப் பணிக்குக் கிடைக்கவில்லை.

தெசிஜர் குடும்பம் நமக்கு முற்றிலும் அந்நியமானதல்ல. முதலாம் செம்ஸ்போர்டு பிரபு எர்னஸ்டுக்குத் தாத்தா. 1916 முதல் 1921 வரை இந்தியாவின் வைசிராயாக இருந்தவர், பள்ளிப் பாடத்தில் நாம் படித்த ‘மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்’ இரண்டாம் பெயருக்கு உரியவர், எர்னஸ்டுக்குப் பெரியப்பா மகன். அண்ணன் முறை. ரௌலட் சட்டமும் ஜாலியன்வாலா பாக் படுகொலையும் நிகழ்ந்த 1919-ஆம் ஆண்டில் அண்ணன் இந்தியாவை ஆண்டுகொண்டிருந்தார். தம்பி லண்டனில் மேடைக்கும் தையல் சட்டத்துக்கும் இடையே இருந்தார்.

எர்னஸ்ட் முதலில் ஓவியராகத்தான் விரும்பினார். லண்டன் ஸ்லேடு கலைப்பள்ளியில் படித்தார். 1909-இல் நாடக மேடைக்கு வந்தார். வில்லியம் ரேங்கன் என்ற ஓவியர் அவருக்கு நெருங்கிய நண்பர். பழைய பூத்தையல் துணிகளில் இருவருக்கும் ஒரே பித்து. 1917-இல் ரேங்கனின் சகோதரி ஜேனட்டை எர்னஸ்ட் மணந்தார்.

அதற்கு முன்பே போர் வந்துவிட்டது. 1914-இல் சாதாரணச் சிப்பாயாகப் படையில் சேர்ந்தபோது அவருக்கு வயது 35. ஸ்காட்லாந்துப் படைப்பிரிவில் இடம் கிடைத்தால் கில்ட் என்ற மடிப்புப் பாவாடை உடுத்தலாம் என்ற ஆசையில், ஸ்காட்லாந்துக்காரரைப் போலப் பேசிப் பார்த்தாராம், எடுபடவில்லை. லண்டன் படைப்பிரிவு ஒன்றில் சேர்ந்து பிரான்சுக்குப் போனார். சில மாதங்களிலேயே அவர் இருந்த கட்டடத்தின்மீது பீரங்கிக் குண்டு விழுந்தது. கைகள் இரண்டும் மோசமாகக் காயமடைந்து ஊர் திரும்பினார். ஓவியருக்கும் தையல்காரருக்கும் கைதானே முதல். விரல்கள் மறுபடி சொன்னபடி கேட்க ஊசி வேலை எவ்வளவு உதவும் என்பதை அவர் அறிய வேறெங்கும் போக வேண்டியிருக்கவில்லை.

அந்நாளைய ராணுவ மருத்துவமனைகளில் நீலச் சீருடையும் சிவப்புக் கழுத்துப்பட்டையும் அணிந்த வீரர்கள் கட்டிலில் உட்கார்ந்து தங்கள் படைப்பிரிவுச் சின்னத்தைத் துணியில் தைப்பது சாதாரணக் காட்சி. மாதக்கணக்கில் படுத்துக் கிடப்பவனுக்கு அது பொழுதுபோக்கு. விறைத்த விரல்களுக்குப் பயிற்சி. குண்டுச் சத்தத்தில் நிலைகுலைந்த மனத்துக்கு ஒரு பிடிப்பு. ஆனால் மருத்துவமனையை விட்டுப் போனபின் என்ன செய்வது? காலில்லாதவன், எழுந்து நடக்கவே முடியாதவன், பட்டறைக்கோ அலுவலகத்துக்கோ எப்படிப் போவான்?

தெசிஜரின் யோசனை இங்கேதான் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டது. பூத்தையலைச் சிகிச்சையோடு நிறுத்தாமல் பிழைப்பாக்க வேண்டும் என்றார் அவர். அரசுத் தரப்பு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆண்பிள்ளைக்கு அழகல்ல என்ற எண்ணம் தடையாக நின்றது. பதுங்குகுழியில் சண்டை போட்டவன் பூ தைப்பதா என்று அதிகாரிகள் தயங்கினார்கள். இத்தனைக்கும் ஐரோப்பாவின் பழைய தையல் சங்கங்களில் ஆண்களே தொழில்வல்லுநர்களாக இருந்திருக்கிறார்கள்.

கைகொடுத்தது ‘ஃபிரெண்ட்ஸ் ஆஃப் தி பூர்’ என்ற தொண்டமைப்பு. அதன் ஆதரவில் 1918-இல் லண்டன் எபரி தெருவில் ‘ஊனமுற்ற படைவீரர் பூத்தையல் தொழிலகம்’ தொடங்கியது. வேலை எளிய முறையில் நடந்தது. வீட்டைவிட்டு வர முடியாதவர்களுக்கு வடிவமும் துணியும் நூலும் அனுப்பப்படும். தைத்து முடித்ததைத் தொழிலகம் விற்கும். தைத்தவருக்குக் கூலி போகும். நாற்காலி இருக்கைத் துணி, கணப்படுப்புக்கு முன் வைக்கும் திரை, கைப்பை, தேவாலயத் துணிகள் எனப் பலவும் தயாராயின. கட்டம் கட்டமாக நெய்த கேன்வாஸ் துணியில் கண்ணிகளை எண்ணித் தைக்கும் முறை இவர்களுக்குத் தோதாக இருந்தது. துணியைச் சட்டத்தில் இறுக்கி நிறுத்திவிட்டால் ஒரு கையாலேயே தைக்கலாம். பூவும் இலையும் வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெசிஜர் நாடகத்துக்கு நடுவே வடிவங்களும் வரைந்து கொடுத்தார். தையலில் தேர்ந்தவரான அரசி மேரியின் ஆதரவும் கிடைத்தது. அரசியின் பெயர் இருந்தால் பணக்கார வீடுகளில் சரக்கு விற்கும் என்ற கணக்கும் அதில் உண்டு, அதில் தவறில்லை.

இதே காலத்தில் நோயாளிகளின் தையல் பொதுமக்கள் கண்ணில் பெரிதாகப் பட்ட இன்னொரு நிகழ்வும் உண்டு. லண்டன் புனித பவுல் கதீட்ரலின் பலிபீட முன்திரையை வெவ்வேறு மருத்துவமனைகளில் இருந்த 138 வீரர்கள் துண்டு துண்டாகத் தைத்தார்கள். பிரிட்டிஷ்காரர்களோடு ஆஸ்திரேலியா, கனடா, தென்னாப்பிரிக்கா நாட்டவர்களும் அதில் அடக்கம். 1872-இல் நிறுவப்பட்ட ராயல் ஸ்கூல் ஆஃப் நீடில்வொர்க், தைத்த துண்டுகளை ஒன்றாக இணைத்தது. பறவைகளும் பூக்களும் சூழ நடுவே பொற்கிண்ணம் கொண்ட அந்தத் திரை 1919-இல் நடந்த நன்றி வழிபாட்டில் பலிபீடத்தை அலங்கரித்தது. 1940-இல் ஜெர்மானியக் குண்டு அந்தப் பலிபீடத்தைச் சிதைத்தது. திரை தப்பியது, ஆனால் பெட்டிக்குள் போய்விட்டது. போர் நூற்றாண்டையொட்டி 2014-இல் அதைச் சீர்செய்து மறுபடி காட்சிக்கு வைத்தார்கள்; தைத்தவர்களின் பெயர்ப் பட்டியலைக் கொண்டு அவர்களின் வாரிசுகளையும் தேடினார்கள்.

ஷெஃபீல்டு நகரில் ஆனி பிண்டன் கார்ட்டர் என்ற ஓவியர் செய்ததும் இதன் உடன்பிறப்பு. வார்ன்கிளிஃப் போர் மருத்துவமனையில் தொண்டராக இருந்த அவர், கை இழந்தவரின் மீந்த கையில் தூரிகையைக் கட்டித் துணியில் வண்ணம் தீட்டக் கற்றுக்கொடுத்தார். அது ‘பெயின்டட் ஃபேப்ரிக்ஸ்’ என்ற நிறுவனமாக வளர்ந்து, வீரர்களும் குடும்பங்களும் தங்கி வேலை செய்யும் குடியிருப்பாகவே ஆனது. பிச்சை அல்ல, வேலை என்பது அதன் முழக்கம். தானம் பெற மனம் கூசிய ஒரு தலைமுறைக்கு அது சரியாகப் பொருந்தியது என்றாலும், அங்கே தயாரான மேசைவிரிப்புகளையும் கவுன்களையும் வாங்கியவர்களில் பலர் இரக்கத்தினால்தான் வாங்கியிருப்பார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

தெசிஜர் கடைசிவரை ஊசியை விடவில்லை. 1924-இல் பெர்னார்டு ஷாவின் ‘செயிண்ட் ஜோன்’ நாடகம் லண்டனில் அரங்கேறியபோது பட்டத்து இளவரசராக நடித்தார். ஹாலிவுட் போனபோது, காட்சிகளுக்கு இடையே படப்பிடிப்புத் தளத்திலேயே உட்கார்ந்து தைத்தார். ‘அட்வென்ச்சர்ஸ் இன் எம்பிராய்டரி’ என்ற அவரது நூல் இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த 1941-இல் வெளிவந்தது. 1960-இல் பிரிட்டிஷ் அரசின் சிபிஇ விருது பெற்றார். மறு ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள், 82-ஆம் பிறந்தநாளுக்கு முந்தின நாள், காலமானார். எபரி தெருத் தொழிலகம் அவருக்கு முன்பே, இரண்டாவது போரின் காயத்தாரையும் பார்த்துவிட்டு, 1955-இல் மூடப்பட்டிருந்தது.