வி.சி.க்கு ஒரு கல்வெட்டு

யாழ்ப்பாணத்தில் ஒருவர் கண்ணை மூடினால் மறுநாள் பேப்பரில் மரண அறிவித்தல் வரும். 31 ஆம் நாள் அந்தியேட்டி. அன்று சாப்பிட்டுக் கை கழுவி வருகிறவர்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் கல்வெட்டு. இறந்தவரின் படம், வம்சாவளி, தேவாரம், பிள்ளைகளின் புலம்பல், கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். ஊரில் எந்தச் சாவும் இவை இல்லாமல் போனதில்லை.

1981 யூலையில் சண்டிலிப்பாயிலும் சுற்றுப்புற ஊர்களிலும் நடந்த ஒரு சாவுக்கு மட்டும் இவற்றில் ஒன்றும் நடக்கவில்லை. இறந்தது கிராம சபை. ஊர் வாயில் அது 'வி.சி.'. 1980 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் மாவட்ட அபிவிருத்திச் சபைகளைக் கொண்டுவந்தது. அதற்கு இடம்விட்டு, நாடு முழுவதும் ஐந்நூறுக்கு மேற்பட்ட கிராம சபைகளும் பட்டின சபைகளும் ஒரே நாளில் இல்லாமல் போயின.

அழ ஆளில்லாமல் போனதற்கு நியாயம் இருக்கிறது. மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். 97,000 புத்தகங்கள் என்று கணக்குச் சொல்வார்கள். அந்தச் சாம்பல் ஆறுவதற்குள், யூன் 4, மாவட்ட சபைக்கு வாக்குப்போட்டோம். கொழும்பிடமிருந்து பெரிய அதிகாரம் ஒன்று வரப்போகிறது என்ற நினைப்பில் இருந்தவர்களுக்கு, ஒழுங்கை முனையில் இருந்த சின்ன அதிகாரம் போனது கண்ணில் படவில்லை. எனக்கும் படவில்லை. நானும் அன்று நூலகத்துக்காகத்தான் அழுதேன்.

வம்சாவளியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரன் 1871 இல் போட்ட கிராமச் சங்கச் சட்டம்தான் பிறப்புப் பத்திரம். ஆரம்பத்தில் அரச உத்தியோகத்தரின் நிழலில் கிடந்தது. 1924 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் காலில் நிற்கப் பழகியது. 1936 இலிருந்து உள்ளூராட்சி மந்திரியாக இருந்த எஸ். டபிள்யு. ஆர். டி. பண்டாரநாயக்க காலத்தில் அதற்கு உடம்பு வைத்தது. வட்டாரத்துக்கு ஒரு மெம்பர். மெம்பர்களுக்குள் ஒருவர் சேர்மன். கையில் பணம் எப்போதும் குறைவு. வரி கட்டுகிறவர்களும் குறைவு.

செய்த வேலைகளைப் பட்டியல் போட்டால் இப்போதுள்ள பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒழுங்கைக்குக் கல் போடுதல், மதகு கட்டுதல், பொதுக் கிணற்றுக்குக் கட்டு, சந்தை, சுடலைக்குப் பாதை, வாசிகசாலைக்குப் பேப்பர்க் காசு, சைக்கிளுக்கு லைசென்ஸ். அபிவிருத்தி என்ற சொல்லை அந்தச் சபையில் யாரும் அதிகம் பாவித்ததாக எனக்கு ஞாபகமில்லை. 'மாரி வரமுந்தி' என்ற சொல்தான் அடிக்கடி கேட்கும். ஆறு என்று சொல்ல எங்களுக்கு இருப்பது வழுக்கையாறு ஒன்றுதான், அதுவும் மழை பெய்தால்தான் ஓடும். மற்றதெல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்கு அடியில் கிடக்கும் கிணற்றுத் தண்ணீர். ஐப்பசி தொடங்கி மார்கழிவரை விழுகிற மழையைக் குளத்துக்குள் விடுவதா, தோட்டத்துக்குள் விடுவதா, பக்கத்து வீட்டு முற்றத்துக்குள் விடுவதா என்பதுதான் எங்கள் ஊரின் ஐந்தாண்டுத் திட்டம், பத்தாண்டுத் திட்டம் எல்லாம். அதை ஆவணிக்குள் பேசி முடித்தாக வேண்டும்.

கல்வெட்டில் இடம் பிடிக்க வேண்டிய விஷயம் வேலிதான்.

யாழ்ப்பாணத்தானுக்கு வேலி என்றால் என்ன என்று வெளியாருக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். பூவரசும் கிளுவையும் முள்முருக்கையும் கதியாலாக நட்டு, கிடுகு வரிந்து கட்டிய வேலி. வருசாவருசம் வேலி அடைக்கும்போது கதியாலை ஒரு விரற்கடை வெளியே நகர்த்தி நடுவதற்கு 'அரக்குதல்' என்று தனிச் சொல்லே வைத்திருக்கிறோம். ஒரு விரற்கடைக்காகத் தகப்பன் தொடங்கிய வழக்கைப் பேரன் முடித்த குடும்பங்கள் உண்டு. இந்த ஊரில்தான் வி.சி. ஒழுங்கைகளை அகட்டியது. பணம் கொடுத்து நிலம் வாங்க அதனிடம் வசதியில்லை. இரண்டு பக்க வேலிக்காரரும் தாங்களாகவே உள்ளுக்கு அரக்க வேண்டும். அந்த வட்டார மெம்பர் பின்னேரங்களில் படலை படலையாக ஏறி இறங்குவார். ஒரு வீட்டில் தேத்தண்ணி, அடுத்த வீட்டில் ஏச்சு. ஒரு வேலிக்காரன் 'முன்வீட்டான் தந்தால் நானும் தாறன்' என்பான். முன்வீட்டானிடம் போனால் அதே பதில்.

எங்கள் ஒழுங்கையில் கடைசிவரை அசையாமல் இருந்தவர் ஒரு ஆச்சி. மெம்பர் ஆசை காட்டினார்: 'ஆச்சி, இரண்டு அடி விட்டீங்களெண்டா, நாளைக்கு உங்கட பேரன்ர கார் வாசல்வரைக்கும் வரும்.' ஆச்சி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னா: 'கார் வந்தென்ன வராட்டியென்ன. மூத்தவற்ற பாடை இந்த முடக்கில திரும்பாமல் வேலியப் பிரிச்சுத்தான் கொண்டுபோனது. என்ர பாடையாவது நேராப் போகட்டும்.' அடுத்த கிழமை கதியால் உள்ளே போனது. ஆச்சியின் பாடை நேராகத்தான் போனது. பேரனின் கார் இன்னும் கனடாவில்.

ஒரு ஊர் தன் நாளையைத் தானே யோசிப்பது என்றால் எனக்கு அந்த இரண்டடிதான் ஞாபகம் வருகிறது. நிலம் கேட்கிற மெம்பரும் அந்த ஒழுங்கையால்தான் நடக்க வேண்டும். மதகு பிழைத்தால் வெள்ளம் அவர் வீட்டுக்குள்ளும் வரும். ஏசவேண்டுமென்றால் கல்வளைப் பிள்ளையார் கோயில் வாசலில் அவரை நேரில் பிடிக்கலாம். விலாசம் தேடி மனு எழுதத் தேவையில்லை. வி.சி.யின் பலம் அதன் அளவில் இருந்தது.

பலவீனமும் அங்கேதான் இருந்தது. கல்வெட்டுகளில் இறந்தவர் எப்போதும் நல்லவர். இதில் அப்படி எழுத மனம் வரவில்லை. கல் போட்ட ஒழுங்கைகளையும் போடாத ஒழுங்கைகளையும் பிரித்த கோடு பெரும்பாலும் சாதிக்கோடு. பொதுக் கிணறு என்று பெயர் எழுதியிருந்த கிணற்றில் எல்லாரும் அள்ள முடிந்ததில்லை. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கித் தீண்டாமைக்கு எதிராக ஊர்வலம் போனவர்கள் ஏன் போனார்கள் என்று எங்கள் ஊர்களின் சபைகளுக்கு நன்றாகத் தெரியும். சபை நடுவில் ஒரு பெண் குரல் கேட்டதும் அபூர்வம். ஆச்சி மாதிரி ஆட்கள் படலையில் நின்றுதான் பேசினார்கள். சபைக்குள் அவர்களுக்குக் கதிரை இருக்கவில்லை. அளவு சிறிதானால் அன்பு பெருகும் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். சின்ன ஊரில் பகையும் கிட்டவேதான் இருக்கும்.

ஆனால் திருத்தியிருக்கலாம். நோயாளியைக் கொன்றுவிட்டு நோய் போய்விட்டது என்று கணக்கு முடித்தார்கள்.

பிறகு வந்தவை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஊர் மட்டத்துக்கென்று அந்த 1980 ஆம் ஆண்டுச் சட்டம் கிராமோதய சபை என்று ஒன்றை வைத்தது. அதில் ஊர்ச் சங்கங்களின் தலைவர்கள் இருப்பார்கள், யாரும் வாக்குப்போட்டுத் தெரிந்தவர்கள் அல்ல. மாவட்ட சபை வடக்கில் நிமிர்ந்து உட்காரமுன்னமே 1983 கலவரம் வந்துவிட்டது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தில் பிரதேச சபை பிறந்தது. எங்களுக்குக் கிடைத்தது வலிகாமம் தென்மேற்குப் பிரதேச சபை. அதற்கு நாங்கள் முதன்முதலாக வாக்குப்போட்டது 1998 சனவரியில். இடையில் கிட்டத்தட்ட 17 வருசம். அந்தக் காலத்துக்குள்தான் இந்திய இராணுவம் வந்து போனது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே நடந்து வெளியேறியது. திரும்பி வந்தபோது பலருக்கு வேலியே இல்லை, அரக்குவதற்கு.

பிரதேச சபையில் குறை சொல்வது என் நோக்கமல்ல. அதன் பரப்பைப் பாருங்கள். வடக்கே மாதகல் கடற்கரை, தெற்கே ஆனைக்கோட்டை, நடுவில் இளவாலை, பண்டத்தரிப்பு, சண்டிலிப்பாய், மானிப்பாய், நவாலி. ஒரு முனையில் வலைக்காரர், நடுவில் தோட்டக்காரர், மற்ற முனையில் பட்டணத்து வேலைக்குப் போகிறவர்கள். மாதகல் மீனவரின் படகு நிறுத்தத்தையும் எங்கள் ஒழுங்கை மதகையும் ஒரே மேசையில் வைத்தால் மதகு கடைசியில்தான் வரும். வரவும் வேண்டும். 2018 இல் வட்டார முறை திரும்பியது நல்லது. பெண்களுக்குக் கால்வாசி இடம் என்பது வி.சி. கனவிலும் காணாதது. ஆனால் 2023 மார்ச்சில் காலம் முடிந்த சபைக்கு 2025 மே வரை தேர்தல் வைக்காமல் இழுத்தார்களே, அந்த இரண்டு வருசமும் ஊரில் யாரும் பெரிதாகத் துடிக்கவில்லை. வி.சி. ஒரு மாதம் கூடாமல் விட்டால் சேர்மன் வீட்டுப் படலையில் ஆள் நிற்கும்.

யுத்தம் முடிந்த பிறகு எங்களிடம் கேட்க வந்தவர்களின் தொகை கொஞ்சமல்ல. அத்தனை திட்டங்கள், அத்தனை 'கலந்துரையாடல்'. நிலத்தில் கோலப்பொடியால் ஊரின் படம் கீறச் சொல்வார்கள்: கிணறு எங்கே, கோயில் எங்கே, ஏழை வீடு எங்கே. றொபேட் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் உலகம் முழுக்கப் பிரபலப்படுத்திய முறை அது. முறையில் பிழையில்லை. அவர் விரும்பியதும் ஊராரின் கையில் கோலைக் கொடுக்கத்தான். நானும் ஒரு முறை குந்தியிருந்து எங்கள் குளத்தைக் கீறினேன். வந்த பெட்டை நல்ல பிள்ளை, கவனமாகப் படம் எடுத்தா. இடாப்பில் கையெழுத்து, ஒரு பற்றிஸ், ஒரு பிளேன்ரீ. எட்டு மாதம் கழித்து இன்னொரு நிறுவனம் வந்தது. அதே குளத்தை மறுபடி கீறினேன். மூன்றாம் முறை கூப்பிட்டபோது 'தங்கச்சி, நீங்கள் முந்தினவையளிட்ட கேட்டு வாங்குங்கோ' என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தேன். குளம் தூர்ந்தபடியே கிடக்கிறது. எங்களைக் கேட்டார்கள், முடிவெடுக்கும் பொறுப்பைத் தரவில்லை. பொறுப்பில்லாதவனிடம் எத்தனை தரம் கேட்டாலும் அவன் ஆசைகளைத்தான் சொல்வான், இரண்டடி நிலம் விடமாட்டான்.

புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்கள் தாராளமாகவே அனுப்புகின்றன. கோபுரம், மண்டபம், பள்ளிக்கூடத்துக்கு மேடை. அதில் குற்றம் காண எனக்குத் தகுதியில்லை. ஆனால் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு உயரமானதுதான் தெரியும். அடைபட்ட மதகு அந்த வழியால் நடக்கிறவனுக்கு மட்டும்தான்.

தமிழ்நாட்டில் 'கிராம சபை' என்றால் ஊரின் வாக்காளர் அனைவரும் கூடும் கூட்டம். குடியரசு தினத்துக்கும் காந்தி பிறந்த நாளுக்கும் கூடுகிறார்கள். அதுவும் பல இடத்தில் சடங்குதான் என்று அங்குள்ளவர்களே சொல்வார்கள். கேரளம் 1996 இல் மக்கள் திட்டம் என்று தொடங்கியபோது ஒரு புத்திசாலித்தனம் செய்தது. திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊராட்சிகளின் கையில் ஒதுக்கிவிட்டு, அதன் பிறகுதான் ஊரைக் கூட்டி 'என்ன செய்யலாம்' என்று கேட்டது. முதலில் காசு, பிறகு கேள்வி. எங்களுக்கு இன்றுவரை முதலில் கேள்வி, பிறகு பற்றிஸ்.

இனி நன்றி நவிலல் பக்கம். வேலியை உள்ளே அரக்கிய அத்தனை வீட்டுக்காரருக்கும், ஏச்சு வாங்கிய மெம்பர்களுக்கும் நன்றி. அவர்களுடைய பெயர்களை நான் எழுதவில்லை, ஊர் அறியும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில், அட்டாளையில், அப்புவின் உறுதிக் கட்டுகளுக்கு நடுவில் வி.சி. காலத்து வரிப் பற்றுச்சீட்டோ, கூட்ட அறிக்கைக் கொப்பியோ, ஒழுங்கை அகட்டக் கையெழுத்து வைத்த கடதாசியோ, ஒரு சைக்கிள் லைசென்ஸோ இருந்தால் வீடு துப்பரவாக்கும்போது கொளுத்திவிடாதீர்கள். கறையான் முந்துவதற்குள் படம் எடுத்து எண்ணிம நூலகத்துக்கோ கிட்டிய வாசிகசாலைக்கோ கொடுங்கள்.