டெலிட் பண்ணினால் போய்விடுமா? ஹார்ட் டிஸ்க்கின் கதை



போன தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கும்போது பரணிலிருந்து அக்காவின் மடிக்கணினி இறங்கியது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், பிளஸ் டூ படிக்கும்போது கிடைத்தது. இப்போது ஆன் ஆவதில்லை. பழைய இரும்புக்காரர் விலை கேட்டார், அப்பாவும் சரி என்றார். அக்காதான், "டேய், அதுல என் ஆதார், மார்க் ஷீட், போட்டோ எல்லாம் இருக்கு" என்று பிடுங்கிக்கொண்டாள்.

"நான்தான் எப்பவோ டெலிட் பண்ணிட்டேனே" என்றேன். எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அப்புறம் படித்தபோதுதான் தெரிந்தது.

எங்கள் பெருமுக்கல் மலையில் முக்தியாலீசுவரர் கோயில் இருக்கிறது, சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றை அழிக்க வேண்டுமென்றால் பாறையையே உடைக்க வேண்டும். ஓலைக்கு நெருப்பு போதும். கரிவலம்வந்தநல்லூர் கோயிலில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டார்கள் என்று கேட்டு உ.வே.சா. நொந்துபோனதை 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கிறார். கல்லோ ஓலையோ, அழிந்ததா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியும்.

ஹார்ட் டிஸ்க்கில் அது தெரியாது. 1956-ல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்க்கில் 50 தட்டுகள், மொத்தம் 50 லட்சம் எழுத்துகள்தான் கொள்ளும். இடம் அவ்வளவு அருமை. பிறகு வந்த டாஸ் காலத்தில், கோப்பை டெலிட் செய்தால் பெயரின் முதல் எழுத்து மட்டும் மாறும். 'இந்த இடம் காலி' என்று ஒரு குறிப்பு, அவ்வளவே. உள்ளே இருப்பது அப்படியே கிடக்கும். புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழித்துவிட்டு, புத்தகத்தையே எரித்துவிட்டேன் என்று சொல்வது போல! ஃபார்மேட்டும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தது. விண்டோஸ் விஸ்டா (2007) முதல்தான் முழு ஃபார்மேட் உண்மையிலேயே மேலே எழுதி அழிக்கிறது. குவிக் ஃபார்மேட் இன்றும் அழிப்பதில்லை.

எம்.ஐ.டி. மாணவர்களான சிம்சன் கார்ஃபிங்கெலும் அபி ஷெலத்தும் 2000 முதல் 2002 வரை 158 பழைய டிஸ்க்குகளை விலைக்கு வாங்கிப் பார்த்தார்கள். வேலை செய்தவை 129. ஒழுங்காக அழிக்கப்பட்டிருந்தவை வெறும் 12! 5000-க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் கிடைத்தன. ஒரு டிஸ்க் ஏ.டி.எம். இயந்திரத்திலிருந்து வந்தது, அதில் ஒரு வருடக் கணக்கு வழக்கு அப்படியே இருந்தது. 2003-ல் இந்த முடிவுகள் வெளியாயின. விற்றவர்களில் பலரும் அழித்துவிட்டதாகத்தான் நம்பியிருப்பார்கள், என்னை மாதிரி.

1996-ல் பீட்டர் குட்மன் 35 முறை மேலெழுதும் முறையை எழுதினார். அது அந்தக் காலத்து டிஸ்க் வகைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொன்னது. ஆனால் இன்றும் சிலர் 35 முறை ஓட்டிக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள், பாவம். புதிய டிஸ்க்குகளுக்கு ஒரு முறை போதும் என்று 2006-லேயே அமெரிக்க தரநிலை நிறுவனமான என்.ஐ.எஸ்.டி. சொல்லிவிட்டது. எஸ்.எஸ்.டி. கதை வேறு. அது தேய்மானத்தைப் பகிர இடம் மாற்றி மாற்றி எழுதும், அதனால் மேலெழுதினாலும் மிச்சம் தங்கும். காந்தமும் அதை ஒன்றும் செய்யாது. அதற்குள்ளேயே இருக்கும் அழிப்புக் கட்டளையைத்தான் பயன்படுத்த வேண்டும்.

நம் நாட்டில் 2023-ல் வந்த தனிநபர் தரவுச் சட்டம், தேவை முடிந்ததும் நம் தகவலை அழிக்கும்படி நிறுவனங்களுக்குச் சொல்கிறது. வீட்டுப் பரணுக்கு அது பொருந்தாது. அது நம் பாடு.

அக்காவின் 320 ஜி.பி. டிஸ்க்கை யூ.எஸ்.பி. ஒயரில் மாட்டி, முதலில் போட்டோக்களை இரண்டு இடத்தில் எடுத்து வைத்தோம். மேலெழுத ஆரம்பித்தால் பாதியில் நின்றது, பேட் செக்டார். கெட்டுப்போன பகுதியில் மேலெழுத முடியாது, அதில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? சுத்தியலை எடுத்தோம். லேப்டாப் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, சில்லு சில்லாகச் சிதறும். அதனால் சாக்கில் சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு அடித்தேன். (தயவுசெய்து எரிக்காதீர்கள், அந்தப் புகை விஷம்.)

மிச்ச மடிக்கணினியை மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்தோம். டிஸ்க்கிலிருந்து எடுத்த காந்தம் மட்டும் எங்கள் ஃப்ரிட்ஜ் மேல் கேஸ் பில்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. செம பவர்!